ஆச்சியின் கணக்கு
(மும்பை தாராவியில், ஆச்சியின் நினைவேந்தல் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய மாமா ஆச்சியை அன்னபூரணி என்றார். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்னபூரணி காசு வாங்கமாட்டாள். எங்கள் ஆச்சி வாங்குவாள், சில்லறை குறையாமல்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். தாத்தாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. பட்டறையை மூடிய பிறகு எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருந்தது அவளுடைய இட்லி அண்டாவால்தான். இன்று "கைமணம், கைமணம்" என்கிறோம். கைமணம் என்று சொல்லிவிட்டால் போதும், உழைப்பை யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாவுத் தவலைக்குள் முழங்கை வரை கைவிட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். கையை வெளியே எடுக்கும்போது மாவு எப்படி வழிகிறது என்று பார்த்தே தண்ணீர் விடுவாள். டிசம்பர், ஜனவரியில் பம்பாய்க் குளிருக்கு மாவு பொங்காது. தவலைக்குக் கோணிச்சாக்கைச் சுற்றி அடுப்போரம் நகர்த்துவாள். மே மாதம் வந்தால் புளித்துவிடும் என்று உளுந்து ஊறப்போடுவதையே தள்ளிப்போடுவாள். தட்டில் ஈரத்துணி விரித்து ஈடு ஈடாக அவிப்பாள். விடிவதற்குள் இட்லி விற்கிற சைக்கிள்காரப் பையன்கள் வாசலில் நிற்பார்கள். சயான், மாட்டுங்கா, வடாலா என்று "பாம் பாம்" என்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்களே, அவர்களேதான். எத்தனையோ ஆபீஸ்காரர்கள் லோக்கல் வண்டி ஏறுமுன் சாப்பிட்டது இந்தச் சந்தில் வெந்த இட்லி. அதை யார் அவித்தார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது ஆச்சி முதலில் மச்சில் ஏற்றியது உளுந்து மூட்டையை. சாமி படம் அடுத்த நடையில்தான் போனது. கிரைண்டர் மோட்டார் மூழ்கியே விட்டது. "அது போகட்டும், ஆட்டுக்கல்லு தண்ணியில கெட்டாப் போகும்?" என்றாள்.

1992 டிசம்பர் கலவரத்தில் ஊரடங்கு போட்டார்கள். அரைத்த மாவு அப்படியே கிடந்தது. அவித்துச் சந்து முழுக்கக் கொடுத்தாள், யார் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று பார்க்கவில்லை. இதைத்தான் எல்லோரும் உருகிச் சொல்கிறீர்கள். நிலைமை சீரானதும் கையில் காசு புழங்குகிற வீடுகளுக்குப் போய் அந்த இட்லிக்குப் பணம் கேட்டு வாங்கினாளே, அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? இல்லாதவர்களிடம் அவள் வாய் திறக்கவில்லை. இருப்பவரை விடவும் இல்லை. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் ஆச்சி.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியது நான். அதில் சில பேருக்கு இன்னும் பாக்கி நிற்கிறது. இரண்டு பேர் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன். அண்டா இப்போது அத்தை கையில். காப்பி குடித்துவிட்டுப் போகும்போது அவளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.