பெயரும் முகவரியும்

வணக்கம். கடலில் சேரும் பிளாஸ்டிக்குக்கு யார் பொறுப்பு என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்பென்றால் நான் ஒரே சொல்லில் முடித்திருப்பேன், நம்முடைய சனம்தான், வேறு யார் என்று.

மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையில் சிரமதானம் செய்த ஒரு காலையில் அந்தப் பதில் ஆட்டங்கண்டது. உர பேக்குகளில் குப்பையை நிரப்பினோம், போட்டோ எடுத்தோம், டிரக்டர் வந்து ஏற்றிப் போனது. எனக்கு ஏன் தோன்றியதோ, மோட்டார் சைக்கிளில் அதற்குப் பின்னாலேயே போனேன். வாவி ஓரத்துப் பள்ளமொன்றில் அத்தனையையும் கொட்டிவிட்டுத் திரும்பியது. மார்கழி மழைக்கு வாவி பெருகும், அது கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள், பள்ளத்தில் கிடந்தது கடலுக்குப் போகும், அப்புறம் வாடைக்காற்று அதில் கொஞ்சத்தைத் திரும்பக் கரைக்கே கொண்டுவந்து போடும். கரைவலை இழுக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். “நாங்க இழுக்கிறதே அதைத்தானே மனே” என்று சிரித்தார். (கடலுக்குப் போகாவிட்டால் மட்டும் நல்லதா? அம்பாறைப் பள்ளக்காட்டில் குப்பைமேட்டுப் பொலித்தீனைத் தின்று யானைகள் செத்தன.)

நாம் சுத்தவாளிகள் என்று சொல்லவரவில்லை. கலியாண வீட்டில் இரண்டு மிடறு குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ப் போத்தல்களை எண்ணிப் பாருங்கள். ஆனால் ஷாம்பு பக்கட்டை எடுங்கள். பெரிய போத்தல் வாங்கக் கையில் காசில்லாதவர்தான் பக்கட் வாங்குகிறார். பழைய சாமான் எடுப்பவர் போத்தலையாவது நிறுத்து எடுப்பார், பக்கட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார், அதை அடைத்து விற்கிறவருக்கும் இது நன்றாகவே தெரியும். சட்டம் இல்லாமலில்லை. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டை 2017 இலேயே தடைசெய்தார்கள், இன்றைக்கு மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது எதில் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

2021 இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன, மேற்குக் கரையெல்லாம் பனி கொட்டியதுபோல வெள்ளையாக ஒதுங்கின. அதை எந்த ஊர் அம்மா எறிந்தார்? கப்பலுக்குப் பெயரும் முகவரியும் இருந்தபடியால், 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் கட்டச் சொல்ல முடிந்தது. அடுத்த மாதமே ஜெனீவாவில் உலக நாடுகள் பிளாஸ்டிக் ஒப்பந்தம் பேசக் கூடின, உற்பத்தியைக் குறைப்பதா என்ற இடத்தில் எண்ணெய் நாடுகள் முரண்டுபிடிக்க, வெறுங்கையோடு கலைந்தார்கள்.

ஷாம்பு பக்கட்டின் பின்பக்கத்திலும் பெயரும் முகவரியும் அச்சடித்துத்தான் இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான். அடுத்த சிரமதானத்தில் நாங்கள் எதையும் டிரக்டரில் ஏற்றுவதாக இல்லை. கழுவி, காயவைத்து, பெயர் பார்த்துப் பிரித்து, அந்தந்த முகவரிக்கே பார்சல் அனுப்பப் போகிறோம். தபால் கந்தோரில் கிலோவுக்கு எவ்வளவு என்று விசாரித்துவிட்டேன்.