எட்டு நாள் பொறுத்த சபை

அன்புள்ள சபையாரே, கேள்விகளைச் சுமந்துகொண்டு வந்திருக்கும் நண்பர்களே,

இயேசுவின் சீஷனாகிய தோமாவைப் பற்றிய பிரசங்கம் கேட்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். சந்தேகப்படாதே என்ற கண்டிப்போடுதான் அது பெரும்பாலும் முடியும். ஆனால் யோவான் 20ஆம் அதிகாரத்தின் 26ஆம் வசனத்தை நிறுத்தி வாசியுங்கள். எட்டு நாளைக்குப்பின்பு சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." மற்றவர்கள் உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள். இவரோ, காணாமல் விசுவாசிக்கமாட்டேன் என்று அவர்களிடமே சொன்னவர். ஆனாலும் அவரை யாரும் துரத்தவில்லை. அவரும் விட்டுப் போகவில்லை. விசுவாசிக்காதவராகவே அந்த வீட்டில் அவருக்கு இடம் இருந்தது.

அப்படிப்பட்ட எட்டு நாள் நம் சபைகளில் கிடைக்குமா?

"ஐயா, இப்போதெல்லாம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை" என்று ஒருவர் வந்து நிற்கிறார். இன்னும் உபவாசம் இரு என்கிறோம். உள்ளே ஏதோ பாவம் இருக்கிறது என்கிறோம். அடுத்த வாரமே அவருக்குப் பின்மாற்றக்காரர், அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவர், என்று பெயர் விழுந்துவிடுகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்களும் இதைத்தான் செய்தார்கள். ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான்; வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. தேவனுக்காக வாதாடிய அவர்களைப் பார்த்துத் தேவனே சொல்கிறார்: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." குமுறிக் கேட்டவன் பக்கம் தேவன் நிற்கிறார். இதைவிடத் தெளிவாக வேதம் வேறு எப்படிச் சொல்ல வேண்டும்?

இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானனே, சிறையிலிருந்து, "வருகிறவர் நீர்தானா?" என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். கேட்ட அன்றே இயேசு ஜனங்களிடம் அவரைப் புகழ்ந்து பேசினார். 88ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிறது. அதுவும் நம் ஜெபப்புத்தகத்தில்தான் இருக்கிறது.

விசுவாசம் ஆட்டம் காணும்போது எது ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாமே போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். பொறுமையாகப் பேசிப் பார்த்தால், பல நேரங்களில் உடைந்தது மேடையிலிருந்து கொடுக்கப்பட்ட ஒரு வாக்குறுதி: விசுவாசித்தால் வியாதி வராது, காணிக்கை கொடுத்தால் கடன் தீரும். இயேசு அப்படிச் சொன்னதில்லை. அது உடையட்டும். ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1944இல் நாஜிகளின் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில், இன்று நமக்குக் கிறிஸ்து யார் என்று அடியிலிருந்தே கேட்டார். அதே அறையில் சங்கீதங்களை வாசித்து ஜெபித்தும் வந்தார். கேள்வியும் ஜெபமும் ஒரே மனிதருக்குள் சேர்ந்து வாழ முடியும்.

தனிமனிதர் மட்டுமல்ல, ஒரு சபை முழுவதுமே தன் போதனையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நாள் வரும். தென்னாப்பிரிக்காவில் டச்சுச் சீர்திருத்த சபையின் 1857ஆம் ஆண்டு சினாட் (சபையின் பேரவை), வெள்ளையரில் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, நிறத்தின்படி தனித்தனி ஆராதனைக்கு இடம் கொடுத்தது. விட்டுக்கொடுத்த அந்தச் சிறு சலுகை வழக்கமாகி, பிறகு தனிச் சபைகளாகி, கடைசியில் இனஒதுக்கலுக்கு வேத ஆதாரம் காட்டும் இறையியலாகவே வளர்ந்தது. அப்படி வெள்ளையரல்லாதவர்களுக்கென்று பிரித்து வைக்கப்பட்ட மிஷன் சபைதான் 1982இல் கேப்டவுன் அருகே பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை எழுதியது. 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர்கள் விசுவாசத்தை உதறவில்லை. இந்தப் போதனை சுவிசேஷத்துக்கு விரோதம் என்று அந்த விசுவாசத்திலிருந்தே எழுந்து சொன்னார்கள். எங்கள் அறிக்கை எந்த மனிதருக்கும் எதிரானதல்ல, பொய்ப் போதனைக்கு எதிரானது என்று கூடவே ஒரு கடிதமும் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒருவருக்குக் காயம் பிரசங்க பீடத்திலிருந்தே வந்திருந்தால், முதலில் மன்னித்துவிடு என்று அவரிடம் சொல்லாதீர்கள். நடந்ததைச் சபை முதலில் உள்ளபடி ஒத்துக்கொள்ள வேண்டும். தவறு செய்தவர் பொறுப்பிலிருந்து இறங்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் திரும்பி வராமல் போகலாம். வேறொரு சபையில் சேரலாம், எந்தச் சபையிலும் சேராமலும் இருக்கலாம். அப்போதும் அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போய் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று அங்கே கேட்காதீர்கள்.