லிப்டன் சீட்ல இருந்து பாத்தா யாரு தெரியறாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. முன் வரிசையில இருக்கற பெரியவங்களுக்கும், ஃபேன் காத்து எட்டாம பின்னாடி செவுத்துல சாஞ்சிகிட்டு நிக்கற தம்பிங்களுக்கும் சேத்துதான். "இலங்கை போயிட்டு வந்தீங்களே, ஒரு மலை உச்சிய பத்தி பேசுங்க"ன்னாங்க. பேசறேன், ஆனா நான் பேச ஆரம்பிச்சா பாதி நம்மூரு மலையதான் பேசுவேன், அதுக்கு இப்பவே மன்னிச்சிருங்க.

அந்த ஜன்னலுக்கு வெளியே பாருங்க, நம்ம கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை. நம்ம ஆளுங்க வெள்ளிக்கெழமையானா தர்காவுக்கு ஏறுவாங்க, காலேஜ் பசங்க ரீல்ஸ் எடுக்க ஏறுவாங்க. 1791 நவம்பர்ல மேக்ஸ்வெல்னு ஒரு வெள்ளக்கார கர்னல் படையோட வந்து கீழ இருக்கற பேட்டைய புடிச்சிட்டான், மேல் கோட்டைய மட்டும் அவனால புடிக்க முடியல, திப்புவோட ஆளுங்க மேல இருந்து பாறைய உருட்டி விட்டு தொரத்துனாங்க. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல பேப்பர்ல கையெழுத்து போட்டுதான் பாராமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி சீமை மொத்தமும் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போச்சு. ஏன் சொல்றேன்னா நம்ம பக்கம், இந்த மலையோ ராயக்கோட்டையோ, மேல ஒரு காவல் மேடை இருந்தா அது எதிரி வர்றானான்னு பாக்க. நான் போன எடத்துல காவல் மேடை வேற மாதிரி. அது கூலி ஆளு வேல செய்யறானான்னு பாக்க. இன்னிக்கு நான் சொல்லப் போறது மொத்தமே இதுதான், மீதி எல்லாம் டூர் கதை.

லிப்டன் சீட், ஊவா மாகாணம், பதுளை மாவட்டம், அப்புத்தளை பக்கத்துல. சிங்களத்துல ஹபுத்தளைம்பாங்க. கடல் மட்டத்துல இருந்து சுமார் 1970 மீட்டர், அதாவது ஏற்காட்ட விட நல்லா ஒசரம், ஊட்டிய விட கொஞ்சம் கம்மி. கொழும்புல இருந்து பதுளை போற ரயில்ல ஏறி அப்புத்தளையில எறங்கணும், பகல் பூரா போயிடும், ஆனா அந்த ரயில்ல தூங்கினவன் முட்டாள். மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சா லைன் நின்னுடும், அதனால ரயில் ஓடுதான்னு விசாரிச்சிட்டு கெளம்புங்க. அப்புத்தளையில இருந்து தம்பேதென்ன ஃபேக்டரி வரைக்கும் பஸ் இருக்கு, அதுக்கு மேல ஏழு கிலோமீட்டர் தோட்டத்து ரோடு, ஆட்டோவுல போலாம், அங்க ஆட்டோவ திரீவீல்னு சொல்றாங்க. நான் சொல்றது என்னன்னா, ஏறும்போது ஆட்டோவுல போங்க, எறங்கும்போது நடங்க. விடியறதுக்கு முன்னாடி மேல இருக்கணும், ஒம்பது பத்து மணிக்கு மேல பனி மூட்டம் கீழருந்து ஏறி வந்துடும், அப்பறம் நீங்க பாக்கறது வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரே வெளுப்புதான்.

மேல என்ன இருக்குன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு பெஞ்சு, அதுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கற லிப்டன் தொரையோட செலை, பக்கத்துல ஒரு சின்ன டீக்கடை, ரொட்டியும் சம்பலும் கெடைக்கும். எல்லாரும் செல பக்கத்துல உக்காந்து அவரு தோள்ல கைபோட்டு போட்டோ எடுக்கறாங்க. அந்தாண்ட மலை சட்டுனு வெட்டுன மாதிரி எறங்குது, தெக்கு பக்கம் சமவெளி, தூரத்துல உடவளவை நீர்த்தேக்கம் தகடு மாதிரி மின்னுது. அஞ்சு மாகாணம் தெரியும்னு சொல்றாங்க. நான் எண்ணிப் பாக்கல, யாரும் மாகாணத்துக்கு கோடு போட்டு வெக்கலியே.

லிப்டன் யாருன்னா, ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல ஏழை வீட்டுல பொறந்து, 1871ல ஒரு மளிகை கடை போட்டு, அப்பறம் நாடு முழுக்க கடைய பெருக்குனவரு. சாமர்த்தியசாலி, அத மறுக்கவே முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு போறேன்னு வெளிய சொல்லிட்டு 1890ல சிலோன்ல எறங்கி தோட்டம் தோட்டமா வாங்குனாரு. அப்ப ஏன் அவ்வளவு மலிவா கெடைச்சுதுன்னா அதுக்கு முன்னாடி அங்க இருந்தது காப்பி. 1869ல இலையில துரு நோய் வந்துச்சு, இலைக்கு அடியில ஆரஞ்சு கலர் பொடி, அடுத்த பத்து இருவது வருஷத்துல காப்பி தொழிலே செத்துப் போச்சு, தொரைங்க திவாலாகி கெடைச்ச வெலைக்கு தள்ளிவிட்டாங்க. 1867லயே ஜேம்ஸ் டெய்லர்னு ஒருத்தர் லூல்கந்துரவுல தேயிலை போட்டு காட்டியிருந்தாரு, அந்த வழியில மத்தவங்களும் போனாங்க. லிப்டன் செஞ்சது என்னன்னா நடுவுல இருந்த தரகருங்கள எல்லாம் ஒதுக்கிட்டு, தோட்டத்துல இருந்து நேரா டீ ஜாடிக்குன்னு வெளம்பரம் பண்ணி, பாக்கெட் போட்டு ஏழைக்கும் கட்டுப்படியாகற வெலைக்கு வித்தாரு. அந்த 1890லயே கட்டுன தம்பேதென்ன ஃபேக்டரி இன்னும் ஓடுது, டிக்கெட் வாங்கி உள்ள போயி பாக்கலாம். கொழுந்த பரப்பி காத்து விட்டு வாட வெப்பாங்க, உருட்டுவாங்க, புளிக்க விடுவாங்க, சூடு காட்டுவாங்க, சலிப்பாங்க. நாலு நாலரை கிலோ பச்சை கொழுந்து போட்டா ஒரு கிலோ தேயிலை. நம்ம பஸ் ஸ்டாண்டு கடையில கொதிக்குதே டஸ்ட் டீ, அது சலிக்கும்போது கடைசியா அடியில நிக்கற பொடி.

சரி, பெஞ்சுக்கு வர்றேன். அந்த பெஞ்சுல உக்காந்து விருந்தாளிங்களோட டீ குடிச்சிகிட்டு தன்னோட ராஜ்யத்த பாப்பாராம் லிப்டன். நானும் அங்க நின்னு பாத்தேன். ஒரு மணி நேரம் சமவெளிய பாத்தேன், அப்பறம் திரும்பி இந்தாண்ட பாத்தேன், தேயிலை சரிவு. அங்கதான் ஆளுங்க வந்தாங்க. பொம்பளைங்க வரிசையா, தலையில இருந்து முதுகுல தொங்கற பை, இடுப்புல சுத்துன சாக்கு, செடிக்கு மேல ஒரு நீட்டு குச்சிய படுக்க வெச்சு மட்டம் பாத்துகிட்டு, அதுக்கு மேல நீட்டிகிட்டு இருக்கற ரெண்டு இலை ஒரு மொட்ட மட்டும் கிள்ளறாங்க. ரெண்டு கையும் ஒண்ண ஒண்ணு பாக்காம தனித்தனியா ஓடுது, கிள்ளுனத உள்ளங்கையிலயே சேத்து, கை நெறஞ்சதும் தோளுக்கு மேல பின்னாடி வீசறாங்க, பைக்குள்ள விழுது, திரும்பி பாக்கறதே இல்ல. வெரலெல்லாம் கறுத்து வெடிச்சு கெடக்கு. எடை போடற எடத்துல ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிச்சிட்டுதான் கிலோ எழுதறாங்க. ஒரு நாள் கூலி ஆயிரம் ரூபா வேணும்னு வருஷக்கணக்கா போராடி 2021லதான் அது கெடைச்சுது, இலங்கை ரூபா, அன்னிக்கு நம்ம காசுக்கு நானூறு கூட வராது. அப்பறம் கொஞ்சம் ஏத்தியிருக்காங்க, வெலவாசியும் ஏறிடுச்சு.

அவங்க பேசறது தமிழ்தாங்க. எறங்கி நடந்து வரும்போது லயத்து வாசல்ல, லயம்னா தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீடு, ஒரு அம்மா, எழுவது வயசிருக்கும், "எந்தப் பக்கம் தம்பி?"ன்னாங்க. கிருஷ்ணகிரின்னேன், தெரியல. சேலத்துக்கு இந்தாண்டம்மான்னேன். உடனே, "எங்க தாத்தாவும் சேலம் ஜில்லாதான்னு சொல்லுவாங்க, ஊரு பேருதான் தெரியல"ன்னுட்டு உள்ள போயி பிளேன்டீ போட்டு எடுத்துட்டு வந்தாங்க. சேலம் ஜில்லான்னா என்னங்க? 1965 வரைக்கும் தருமபுரி, அரூர், ஊத்தங்கரை, நம்ம கிருஷ்ணகிரி, ஓசூரு எல்லாமே சேலம் ஜில்லாதான். அந்த அம்மாவோட தாத்தா ஆத்தூரா இருக்கலாம், நாமக்கல்லா இருக்கலாம், பர்கூராவும் இருக்கலாம். 1876ல வந்த தாது வருஷ பஞ்சத்துல சேலம் ஜில்லா எவ்வளவு அடி வாங்குச்சுன்னு நம்ம பாட்டிங்க சொல்லி கேட்டிருப்பீங்க.

இவங்கள எல்லாம் இங்கருந்து தோட்டத்துக்கு கூட்டிட்டு போனது கங்காணி, ஆள் சேக்கறவரு. நம்ம ஊருல இன்னிக்கும் மேஸ்திரி வந்து அட்வான்ஸ் குடுத்து பெங்களூரு பில்டிங் வேலைக்கு குடும்பம் குடும்பமா லாரி ஏத்தறாரே, அதே வேலைதான், கடல் மட்டும் குறுக்க. அட்வான்ஸ் கடன் தலையில ஏறும், வேற தோட்டத்துக்கு போகணும்னா கடன் எவ்வளவுன்னு எழுதுன துண்டு சீட்டு கூடவே போகும், புது தொரை அந்த கடன கட்டுனாதான் ஆளு மாறலாம். அந்த துண்டு மொறைய 1921லதான் ஒழிச்சாங்க. ஆரம்ப காலத்துல மன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தே போனாங்க, வழியில காலராவுல செத்தவங்கள ரோட்டோரமா பொதைச்சிட்டு மத்தவங்க நடந்தாங்க. 2023ல, மலையக மக்கள், அதாவது இந்த தோட்டத்து தமிழ் ஆளுங்க, வந்து 200 வருஷம் ஆச்சுன்னு, அவங்க பேரப்பிள்ளைங்க தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் அதே வழியில நடந்து காட்டுனாங்க.

இலங்கைக்கு சுதந்திரம் வந்த கையோட 1948ல இவங்களோட குடியுரிமைய புடுங்குனாங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கை பிரதமர் சிறிமாவோவும் உக்காந்து, அஞ்சே கால் லட்சம் பேரு இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. சந்தையில ஆடு பிரிக்கறவன் கூட ஆட்ட தொட்டுப் பாத்துதான் பிரிப்பான், இவங்க ஒருத்தரையும் கேக்கல.

இன்னொண்ணு. அந்த பெஞ்சு இருக்கற மலைத்தொடருக்கு அடியில, கொஸ்லந்த பக்கம், மீரியபெத்தன்னு ஒரு தோட்டம். 2014 அக்டோபர் 29, காலையில மலை சரிஞ்சு லயம் லயமா மண்ணுக்குள்ள போச்சு. அந்த எடம் சரியும்னு முன்னாடியே எச்சரிக்கை குடுத்திருந்தாங்க, ஆளுங்கள மாத்தி வெக்க எடம் குடுக்கலியே. மேல டூரிஸ்ட்டுக்கு இந்த கதைய யாரும் சொல்றதில்ல. அங்க போர்டுல லிப்டன் கதை மட்டும்தான்.

போகாதீங்கன்னு நான் சொல்லல. போங்க, அருமையான எடம், விடியக்காலையில அந்த காத்துக்கு ஸ்வெட்டர் பத்தாது, மழை நாள்ல அட்டை கடிக்கும், உப்பு எடுத்துக்கங்க. ஆனா செலைகிட்ட போட்டோ எடுத்ததோட ஆட்டோவுல ஏறிடாம, லயத்து வழியா நடந்து வாங்க, தமிழ்ல பேசுங்க, வேல நேரத்துல கொழுந்து எடுக்கறவங்க மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டாதீங்க, அவங்களுக்கு அன்னிக்கு கிலோ கணக்கு ஓடிகிட்டிருக்கும்.

அப்பறம் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு பொட்டியில, பரண்ல, "சிலோனுக்கு போன தாத்தா"வோட பழைய கடுதாசி, பாஸ்போர்ட்டு, சிலோனுக்கு போறவங்கள தங்க வெச்ச மண்டபம் கேம்ப் சீட்டு, கூலி ஆளுக்கு குடுத்த நம்பர் அடிச்ச தகரத் துண்டு, எது இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. நான் போட்டோ மட்டும் எடுத்துகிட்டு அங்கயே திருப்பி குடுத்துடறேன். குறிப்பா போச்சம்பள்ளி, மத்தூர் பக்கத்துல இருந்து வந்திருக்கறவங்க கொஞ்சம் தேடிப் பாருங்க. தோட்டத்து பேரு ஏதாவது எழுதியிருந்தா, அப்புத்தளை பக்கமா இருந்தா, அத எனக்கு முதல்ல சொல்லுங்க.