அளவுகோலுக்குள் அடங்காத வலி

நேயர்களுக்கு வணக்கம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற, அல்லது விட்டுவிட்டுத் திரும்ப வருகின்ற வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் வரையறுக்கிறது. காய்ச்சலுக்கு வெப்பமானியும் சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு. வலியை நேரடியாக அளக்கும் கருவி இன்றுவரை இல்லை.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வதே மருத்துவமனைகளில் பரவலான முறை. செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் நாள் முழுவதும் குனிந்து அமர்ந்து, கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் செய்யும் ஒருவர், தம் குறுக்குவலிக்கு ‘ஐந்து’ என்கிறார் என வைத்துக்கொள்வோம். அது காலையின் ஐந்தா, வேலை முடிந்த மாலையின் ஐந்தா? கூடுதலாகச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சிக் குறைத்துச் சொன்ன ஐந்தாகவும் இருக்கலாம். 1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்டு மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வினாப்பட்டியல், எரிகிறதா, குத்துகிறதா என்று வலியின் தன்மையையும் கேட்டது. ஆனால், கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் அதற்கெல்லாம் நேரம் கிடைப்பது அரிது.

ஆகவே நாம் ஸ்கேன் படத்தை நம்புகிறோம். ஆனால், வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் காணப்பட்டது. மறுபுறம், சிறு தூண்டலையும் வலியாக உணரும் அளவுக்கு நரம்பு மண்டலமே மிகைக் கூருணர்வு அடைந்துவிட்ட ஒருவருக்கு, படத்தில் எதுவும் தெரியாமலேயே கடும் வலி இருக்கக்கூடும்.

‘ரிப்போர்ட் நார்மல்’ என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததும், வலி சோம்பலாகவும் நடிப்பாகவும் பெயர் மாறிவிடுகிறது. நம் செட்டிநாட்டுப் பகுதி வீடுகளில் இந்தச் சுமை பெண்கள் மீதே அதிகம் விழுவதாக நான் கருதுகிறேன். பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நாளில் ஓர் ஆச்சி வலியைப் பொறுத்துக்கொண்டு நின்று பரிமாறுகிறார். மறுநாள் படுத்துவிட்டால், “நேத்து நல்லாத்தானே நின்னாக, இன்னைக்கு முடியலைங்கிறாக” என்கிறார்கள். ஏறுவதும் இறங்குவதும் நாட்பட்ட வலியின் இயல்பு. முந்தைய நாள் செய்த வேலையே அடுத்த நாள் வலியைக் கூட்டியிருக்கலாம். அந்த ஒரு நாளைச் சாட்சியாக நிறுத்தி அவரைப் பொய்யராக்குவது கொடுமை.

வலியைப் பற்றி ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று, பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் நாட்பட்ட வலிக்குத் தனிக் குறியீடு தந்துள்ளது.

எனவே மருத்துவரிடம் செல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். சென்ற வாரம் எந்த வேலையைப் பாதியில் விட்டீர்கள், எந்த இரவு தூக்கம் கலைந்தது, எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். உடன் வரும் வீட்டாரும் தாம் கண்டதைச் சொல்லுங்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அடுத்த முறை அந்தக் குறிப்போடுதான் ஒப்பிட முடியும்.