மறுகாலுக்கு வழி விடுங்க

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. இலங்கைக் குளங்களப் பத்தி இன்னைக்குப் பேசணும். அனுராதபுரம் பக்கம் போனா நம்ம நெல்லை, தூத்துக்குடிச் சீமை மாதிரியேதான் இருக்கும், மேட்டுக் குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி மறுகாலாப் பாஞ்சு அடுத்த குளத்துக்கு, அது நெறஞ்சா அதுக்கும் கீழ உள்ளதுக்குன்னு சங்கிலியா எறங்கிப் போகும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, மேல காட்டுக்குள்ள சின்னதா ஒரு குளம் வெட்டி வச்சிருக்கது, அதுல இருந்து வயலுக்குச் சொட்டுத் தண்ணி எடுக்க மாட்டாங்க, வண்டல் கீழ எறங்காம அங்கயே தங்கும், காட்டு மிருகங்களும் குடிச்சுக்கிடும்.

ஆனா புயல் அடிக்க நாடுல்லா அது. 1964ல திருகோணமலையச் சாச்சுட்டுத்தான் தனுஷ்கோடிக்கு வந்துச்சு, 1978ல மட்டக்களப்பு, 2025 நவம்பர்ல டிட்வா, 600 பேருக்கு மேல போயிட்டாங்க, மலையகத்துல மண்சரிவுலயே எத்தனை குடும்பம். சங்கிலிக் குளத்துல ஒரு ஆபத்து என்னன்னா மேல உள்ள கரை உடைஞ்சா மொத்தத் தண்ணியும் ஒரே மூச்சா கீழ உள்ள கரையில வந்து மோதும், அதுவும் தாங்காது.

இத நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் சனத்தோட மாட்டிக்கிட்டு நின்னுச்சு, குளம் குளமா உடைஞ்சுது. அந்த மழைக்கு எந்தக் கரையும் நிக்காதும்பாங்க, சரி, ஆனா தண்ணி வெளியேற வழி இருந்துச்சா? மறுகால் ஓடையில பாதி பிளாட் ஆயிட்டு, மிச்சத்துல அமலைச்செடி, அதான் ஆகாயத்தாமரை, மண்டிக் கெடக்கு.

குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்குல வரிசையா கல்லு நட்டிருக்கும் பாத்திருப்பீங்க, மழைக்காலம் முடியப் போற சமயம் அந்தக் கல்லுக்கு நடுவுல மண்ண வச்சு அடைச்சு கொஞ்சம் கூடுதலாத் தண்ணி நிறுத்துவாங்க, அடுத்த ஐப்பசிக்கு முன்னாடி அந்த அடைப்ப எடுத்தே ஆகணும். இப்ப அத யாரு பாக்கா?

குளம் தூர்வாரணும்னு மனு குடுக்கப் போறவங்க, மறுகால் ஓடை எங்க ஆரம்பிச்சு எந்தக் குளத்துல விழுதுன்னு சர்வே படத்த வாங்கிப் பாத்து, அதையும் அளந்து எல்லைக் கல்லு போடச் சொல்லி சேத்து எழுதுங்க. கீழ்க்குளத்துக்காரங்களையும் கூடக் கூட்டிட்டுப் போங்க, புரட்டாசிக்குள்ள போயிருங்க.