பித்தினியாவுக்கு வழி விடவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும் சபையாருக்கும் இயேசுவின் நாமத்தில் வணக்கம். 'கிறிஸ்தவனின் வாழ்க்கைப் பாதையை அமைப்பது திட்டமிடுதலா, தேவ நடத்துதலா?' தேவ நடத்துதலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி லூக்கா 14-ஐ எடுத்தார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசுவே கேட்கிறாரே என்றார். கேட்கிறார்தான். ஆனால் தம்பி, நீங்கள் 28-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 33-ஆம் வசனம் வரைக்கும் வாசியுங்கள். தனக்கு உண்டானதை எல்லாம் விட்டுவிடாதவன் எனக்குச் சீஷனாக இருக்க முடியாது என்று அங்கேதான் முடிக்கிறார். எல்லாவற்றையும் அவர் கையில் கொடுக்க நான் தயாரா என்று பார்க்கச் சொன்ன கணக்கு அது.

சிங்கப்பூரில் திட்டமில்லாமல் பிழைக்க முடியுமா என்றும் கேட்டார். பிள்ளைக்கு பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, கல்யாணத்துக்கு முன்பே பிடிஓ என்ற புது அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பம், சிபிஎஃப் என்ற மத்திய சேமநிதிக் கணக்கு. நானும் இந்த ஊரில்தான் குடும்பம் நடத்துகிறேன். நானும் திட்டம் போடுகிறேன். நம் திட்டம் ஒரு பக்கமும் அவர் சித்தம் இன்னொரு பக்கமும் இழுக்கும்போது யார் பின்னால் போகிறோம்? அதுதான் இன்றைய வழக்கு.

அப்போஸ்தலர் 16-ஐப் பாருங்கள், ஐயா. பவுல் ஆசியாவில் வசனம் சொல்ல நினைக்கிறார். ஆசியா என்றால் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி. பரிசுத்த ஆவியானவர் தடுக்கிறார். சரி, வடக்கே பித்தினியாவுக்குப் போகலாம் என்று பார்க்கிறார். 'ஆவியானவரோ அவர்களைப் போகவொட்டாதிருந்தார்.' இரண்டு கதவும் அடைத்தாயிற்று, காரணமும் சொல்லப்படவில்லை. கடற்கரைப் பட்டணமான துரோவாவில் வந்து நிற்கிறார். அந்த இரவில்தான், மக்கெதோனியாவுக்கு வந்து எங்களுக்கு உதவி செய்யும் என்று ஒருவன் வேண்டிக்கொள்கிற தரிசனம். கடலைக் கடந்து மக்கெதோனியாவின் பிலிப்பி பட்டணத்துக்குப் போனால், ஆற்றங்கரையில் முதலில் இருதயம் திறந்தது யாருக்கு? இரத்தாம்பரம் என்ற ஊதா நிறத் துணி விற்கிற லீதியாளுக்கு. அவள் ஊர் தியத்தீரா. அந்தத் தியத்தீரா எங்கே இருக்கிறது? எந்த ஆசியாவுக்குப் போகாதே என்று தடுத்தாரோ, அந்த ஆசியாவில்! இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு மேலே வாசிக்க ஓடவில்லை.

அப்படியானால் ஜெபம் பண்ணிவிட்டுச் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். பவுல் சும்மா இருக்கவில்லையே! நடந்துகொண்டிருந்தார், நடக்கிறவரைத்தான் ஆவியானவர் திருப்பினார்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. பெங்களூரில் பிறந்தவர் வில்லியம் ஓல்டம், முன்னாள் நில அளவையாளர், பிறகு மெதடிஸ்ட் சபையின் மிஷனரி. அமெரிக்காவில் படித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவருக்கு, சிங்கப்பூருக்குப் போ என்ற நியமனம் காத்திருந்தது. 1885-ல் இங்கே வந்து இறங்கினார். மறு வருடம் 13 மாணவர்களோடு அவர் தொடங்கியதுதான் ஆங்கிலோ-சீனப் பள்ளி.

இனி என் வீட்டுக் கதை. ஆறு வருடத்துக்கு முன்பு ஆட்குறைப்பில் என் கணவருக்கு வேலை போனது. அவருக்கு வயது 47. பத்து வருடத்து வரவு செலவைக் கணினியில் போட்டு வைத்திருந்த மனிதர். விண்ணப்பம் மேல் விண்ணப்பம், பதிலே இல்லை. 'நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்' என்ற 32-ஆம் சங்கீதத்தை இரவில் சேர்ந்து வாசிப்போம். சில இரவு எனக்கு வாசிக்கக் குரல் வராது, அவர் வாசிப்பார். அந்த நேரத்தில் என் மாமியாருக்குப் பக்கவாதம். தேவன்தான் அவரை விழப்பண்ணினார் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் வீட்டில் இருந்த மகன்தான் அம்மாவைத் தினமும் இயன்முறை சிகிச்சைக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார். பக்கத்தில் நின்று பார்த்தார், கேட்டார், கற்றுக்கொண்டார். அப்புறம் அதற்கே முறையாகப் பயிற்சி எடுத்து, இன்று சிகிச்சை உதவியாளராக இருக்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு; மறைக்கவில்லை. போன வாரம் வேலை முடிந்து வந்தவர் காலணியைக் கழற்றும் முன்பே சொன்னார்: "அந்தத் தாத்தா இன்றைக்கு நாலு அடி நடந்துவிட்டார்."

அந்தப் பத்து வருடக் கணக்கில் இந்தத் தாத்தாவுக்கு எந்தக் கட்டத்தில் இடம் இருந்தது, தம்பி? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் பதில் சொல்லட்டும். வணக்கம்.