பட்டம் முடித்ததும் ஓராண்டு பள்ளிப் பிள்ளைகளோடு: ஒரு கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியைத் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டேன். பி.எட். சேர்வதற்கு முன் ஓராண்டு எங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடத்திலும் மேற்படிப்பு விஷயங்களிலும் துணையாக இருக்க விரும்புகிறேன். ஓராண்டு வீணாகும், கல்விக்கடன் வேறு இருக்கிறது என்கிறார் அப்பா. செய்யலாமா?" என்பது கேள்வி.

செய்யலாம். ஆனால் ஜூனில் தொடங்கினால் ஏப்ரல் வரை இருக்க முடியுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முடியாதென்றால் தொடங்காமல் இருப்பதே மேல். நானும் பட்டம் முடித்த ஆண்டில் இந்த வேலையில் இறங்கினேன், நவம்பரில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வுக்கு வேண்டிய வருமானச் சான்றிதழை வாங்க உதவுவதாகச் சொல்லியிருந்தேன். நான் போனபிறகு அதைக் கவனிக்க ஆளில்லை; அவள் அந்தத் தேர்வை எழுதவில்லை. தேர்ச்சி பெற்றுத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் தேர்வு அது. அந்தப் பிள்ளையின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

இனி, என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நீங்கள் கணிதம் படித்தவர் என்பதால் பாடத்தை முதலிலிருந்து நடத்தத் தோன்றும். அது ஆசிரியரின் வேலை. அவருக்கு நேரம் கிடைக்காத ஒன்றை, அதாவது ஒரு பிள்ளை எந்த இடத்தில் தவறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதை, நீங்கள் செய்யுங்கள். 503-இல் இருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னால் ஏழாம் வகுப்பிலும் சில பிள்ளைகள் 375 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது. எட்டில் மூன்று போனால் ஐந்து, ஏழில் பூஜ்ஜியம் போனால் ஏழு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. அதற்கென்று ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம், பக்கத்து வீட்டிலோ பூஜ்ஜியம் இருக்கிறது. பிள்ளை வேறென்ன செய்யும்? நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்தையும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் கையில் கொடுத்து, 278 ரூபாய் கொடு என்று கேளுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாகவும், அதில் ஒரு பத்தைச் சில்லறையாகவும் மாற்றாமல் கொடுக்க முடியாது என்பதை அதுவே கண்டுபிடிக்கும். மீதி 225 ரூபாய் கையில் நிற்கும்போது உங்கள் விளக்கம் தேவைப்படாது.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடக் காகிதங்களில்தான் துணை வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்தால் பொறியியல் கலந்தாய்வில் கட்டணச் சலுகை உண்டு என்பதும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு என்பதும் எல்லா வீடுகளிலும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இ-சேவை மையத்துக்கு ஒருமுறை அவர்களோடு போனாலே பாதி வேலை முடிந்துவிடும். கலந்தாய்வு நெருங்கும்போது ஓடுவதைவிட, அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே இதைத் தொடங்குவது நல்லது.

தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் பள்ளிக்குள் நுழைய வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லிவையுங்கள். மாலையில் ஊரில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதானால் கோவில் மண்டபம், நூலகம் போன்ற நாலு பேர் வந்துபோகும் இடமாக இருக்கட்டும். 2021-இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் வகுப்பு எடுத்தார்கள். பள்ளிவிட்டுக் களைத்து வரும் பிள்ளைக்கு அதற்குமேல் தாங்காது.

அப்பாவின் கவலைக்கு வருவோம், அது நியாயமானதே. பெரும்பாலான வங்கிகளின் கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்கும் ஓராண்டு சரியாக அந்தச் சலுகைக் காலத்தையே தின்றுவிடும்; அதற்குப் பிறகு பி.எட். இரண்டாண்டு என்றால், படித்துக்கொண்டே தவணை கட்ட வேண்டி வரலாம். ஆகவே முதலில் வங்கிக்குப் போய், தவணை எந்த மாதம் தொடங்குகிறது, தொகை எவ்வளவு, மேற்படிப்பில் சேர்ந்தால் தள்ளிவைப்பார்களா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பகலில் பகுதிநேர வேலை பார்த்து அந்தத் தொகையைச் சேர்க்க முடியுமா என்று கணக்கிட்டு, அந்தக் காகிதத்தோடு அப்பாவிடம் பேசுங்கள்.